யாழ்ப்பாணத்து வீடும் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்தில் மாரிக் காலத்தில் மட்டும் நீர் கொண்டோடி, அராலிப் பக்கத்தில் கடலோடு கலக்கும் வழுக்கையாறு கோடையிற் பெயரளவிலேயே ஆறாகும். மழையைத் தடுத்து நிறுத்தும் மலையும் இங்கில்லை. ஆயினும், நெருங்கிய குடியிருப்பும், செழித்த தோட்டங்களும், நிலைபெற்ற கல்வியும் இந்நிலத்திற் பல தலைமுறைகளாக விளங்கி வந்துள்ளன. ஆறில்லாத நாட்டில் இவையெல்லாம் எவ்வாறு இயன்றன என்று கேட்பின், கிணற்றால் இயன்றன என்பதே விடையாகும்.

சுற்றாடலுக்கு இசைந்த இல்வாழ்க்கை என்பது இக்காலத்திற் பெரிதும் பேசப்படுகின்றது. அதனைப் பிற நாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பிக்கும் பாடம் போலச் சிலர் கருதுகின்றனர். வேறு சிலர், நம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் என்று கூறி அமைந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் வரலாற்றோடு பொருந்துவன அல்ல. யாழ்ப்பாணத்து வீடு தன் கிணற்றை எவ்வாறு காத்து வந்தது, அம்முறை எக்காரணங்களாற் குலைந்தது, அதில் எதனை நாம் மீட்கலாம், எதனை மீட்டலாகாது என்பனவற்றை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் பல உள. ஆண்டில் ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடும். அந்நீரில் ஒரு பகுதி வெடிப்புகளின் வழியே கீழிறங்கி, கடலிலிருந்து நிலத்தடியிற் புகுந்து நிற்கும் உவர்நீரின் மேல் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. ஆதலின் அது மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகளில் நாம் காண்பது இம்மிதக்கும் நீரையே.

இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பவரும், அவரை அடுத்துச் செருமானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் கணக்கிட்டுக் காட்டினர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்தம் கணக்கு. இதனைத் திருப்பி நோக்கின் அச்சந் தோன்றும். மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், காலப்போக்கில் உவர்நீர் நாற்பதடி மேலெழுதற்கு இடமுண்டு. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தல் இக்கணக்குக்குக் கண்கூடான சான்றாகும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. மழை தந்த அளவுக்கு மேல் இறைத்தலாகாது என்பது ஒன்று. நிலத்தின் மேல் ஊற்றுவது எதுவாயினும், அது வெடிப்புகளின் வழியே விரைந்து கிணற்றைச் சேரும் என்பது மற்றொன்று. ஆற்றங்கரை ஊரார் தம் கழிவை ஆற்றில் விட்டால் அது கீழூரைச் சேரும். நம் நாட்டிலோ விட்டவருடைய கிணற்றையே சேரும். அடுத்த வீட்டாருடைய கிணற்றையும் சேரும்.

பழைய யாழ்ப்பாணத்து வீட்டின் அமைப்பை இவ்விரு விதிகளோடு ஒப்பிட்டு நோக்கினால் அதன் பொருத்தம் நன்கு விளங்கும். வளவின் ஒருபுறத்தே கிணறு. கிணற்றின் மேல் துலா. கிணற்றடியை அடுத்து வாழை, கமுகு, தென்னை. குளித்த நீரும், துணி தோய்த்த நீரும், பாத்திரங் கழுவிய நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழையடிக்குச் சென்றன. அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு உணவாயிற்று. பாத்திரந் துலக்கியவை சாம்பலும் தென்னம் பொச்சும். தலை முழுகச் சீயாக்காய். இவை மண்ணிற் சேர்ந்தாலும் மண்ணோடு மண்ணாகிப் போவன. ஒரே நீர் இருமுறை பயன்பட்டது. வாழை உறிஞ்சியது போக எஞ்சியதே நிலத்துள் இறங்கியது.

வேலியும் இவ்வொழுங்கின் ஓர் உறுப்பாகவே விளங்கிற்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றைக் கதியாலாக நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்தனர். கதியால்கள் தழைக்கும்போது வெட்டிய குழையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் இட்டனர். தோட்டத்திற் புதைத்துப் பசளையாக்கினர். ஓரிரு ஆண்டுகளில் உக்கிப்போன வேலி ஓலையும் வீணாகவில்லை. அதுவும் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டது. கூரை ஓலைக்கும் அக்கதியே. வீட்டை மறைத்த பொருள் முடிவில் வீட்டாரின் பயிருக்கு உணவாயிற்று.

பனையைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவெய்தாது. கொழும்பில் 1850ஆம் ஆண்டில் வில்லியம் பேர்குசன் என்பார் பனையைப் பற்றித் தனியொரு நூலே வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனத் 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ப் பாடல் எண்ணிக் காட்டும் என்பது நெடுங்காலமாக வழங்கும் செய்தி. எண்ணிக்கை எவ்வாறாயினும், ஒரு பனம்பழத்தின் கதையே நமக்குப் போதும். பழத்தின் களி பனாட்டும் பணியாரமும் ஆகும். விதையைப் பாத்தியில் இட்டாற் கிழங்கு கிடைக்கும். கிழங்கு காய்ந்து ஒடியலாகும்; அவித்துக் காய்ந்தாற் புழுக்கொடியலாகும். கிழங்கு எடுத்தபின் எஞ்சிய ஊமல் அடுப்புக்கு விறகு. அதன் கரி பல் துலக்கவும் உதவும். ஓலையிலே கடகம், பெட்டி, சுளகு, உமல், நீத்துப்பெட்டி, பாய் என எத்தனையோ பொருள்கள். கூழ் குடிப்பதற்குக் கோலிய பிளாவும் ஓலையே. இவற்றுள் ஒன்றேனும் எறிந்த இடத்தில் நூறாண்டு கிடந்து மண்ணைக் கெடுப்பதன்று.

வளவுக்கு வெளியே ஊருக்குப் பொதுவான குளங்கள் இருந்தன. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களும் குட்டைகளும் உள. மாரியில் நிரம்பிய நீரை மெல்ல மெல்ல நிலத்துள் இறக்கி, சூழவுள்ள கிணறுகளை ஊறச் செய்வது இவற்றின் தலையாய தொழிலாகும். கோடையில் வற்றிய குளத்து வண்டல்மண்ணை உழவர் வாரித் தம் வயலுக்கு இட்டனர். அதனால் வயலும் வளம் பெற்றது. குளமும் ஆழம் பெற்றது. குடியேற்ற ஆட்சியில் உயர் பதவி வகித்த சேர் எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை வரலாற்றில் யாழ்ப்பாணத்தாரின் கிணற்றுப் பாசனத்தையும் தோட்டச் செய்கையையும் விரித்துரைத்தமைக்கு இவ்வுழைப்பே காரணம்.

இனி, இம்முறையைப் போற்றும்போது நாம் மறத்தலாகாத உண்மைகள் இரண்டு உள.

முதலாவது, முன்னோரின் சிக்கனம் பெரும்பாலும் அவர்தம் தெரிவன்று; இயலாமையின் விளைவு. துலா இறைப்புக்கு ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்ற வேண்டும். விடியற்காலத்தே தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் இறைத்த நீருக்கு ஓரளவு உண்டு. மனிதனின் கால் ஓய்ந்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. கிணற்றைக் காத்தது அறிவு மட்டுமன்று, களைப்பும் ஆகும்.

இரண்டாவது, இன்னும் கசப்பானது. அந்நன்னீர் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சொந்தக் கிணறு இல்லாத ஒடுக்கப்பட்ட மக்கள், பிறர் கிணற்றிலே தாமாக அள்ளும் உரிமையின்றி, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற காலமும் இம்மண்ணின் வரலாறே. துலா மிதித்தவர் பலர். தோட்டத்துக்கு உரியவர் சிலர். சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களில் விலக்கி வைப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஆயினும், ஆலயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் சம உரிமை பெறுவதற்கு 1960களிலும் போராட வேண்டியிருந்தது. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். ஆகவே, பழைய வாழ்க்கைக்கு அப்படியே திரும்புவோம் என்று எவரேனும் கூறின், எவருடைய பழைய வாழ்க்கைக்கு என்று நாம் கேட்டல் வேண்டும். நீரைப் பேணிய முறை நமக்கு வேண்டும். நீரை மறுத்த முறை வேண்டா.

இம்முறை குலைந்த வரலாறு நீண்டதன்று. ஒரு மனிதரின் ஆயுட்காலத்துள் அடங்குவது. 1950களுக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் பரவின. துலா மிதித்தவரின் கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. இதனை இழப்பென்று சொல்லுதல் நன்றியின்மையாகும். ஆயினும், கிணறு தன் ஓய்வை இழந்தது. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணத்து உழவர் முன்னொருபோதும் காணாத ஊதியம் கண்டனர். ஊதியம் பெருகப் பெருக இயந்திரமும், இரசாயனப் பசளையும், கிருமிநாசினியும் பெருகின. குழை தாழ்த்தலும் பட்டி அடைத்தலும் குறைந்தன.

இட்ட பசளை முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி மழையோடு கீழிறங்குகின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை 1980கள் முதல் நடைபெற்ற ஆய்வுகள் வெளிப்படுத்தின. அளவு மிகுந்த நைத்திரேற்றுள்ள நீரிற் பாலைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும். நீரைக் காய்ச்சுவதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தெளிந்த நீர், இனிய நீர் என்னும் பழைய சோதனைகள் இங்கே பயன்படா.

வீட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. மலசலகூடம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது சுகாதாரத்தின் பெரு வெற்றியாகும். ஆயின், அடி பூசப்படாத குழி சுண்ணாம்புக் கல்லில் அமையுமாயின் அதன் கசிவு கிணற்றுக்கே செல்லும். காணிகள் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுச் சுருங்கச் சுருங்க, ஒருவர் குழியும் அடுத்தவர் கிணறும் நெருங்கிவிட்டன. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில் எழுந்தது. முற்றத்து மண்ணைச் சீமெந்து மூடியது. மழைநீர் நிலத்துள் இறங்காது வீதிக்கும் கடலுக்கும் ஓடிற்று. மின் மோட்டர் கூரைமேல் நீர்த்தாங்கியை நிரப்பியது. குழாயைத் திறப்பவருக்குக் கிணற்றின் மட்டம் கண்ணிற் படுவதில்லை. கடகமும் உமலும் இருந்த கையில் பொலித்தீன் பை வந்தது.

இடையிலே போர் வந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் மின்சாரம் அற்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம், பசளை முதலிய பல பொருள்கள் குடாநாட்டுக்கு வாராது தடுக்கப்பட்டன. அக்காலத்தில் மக்கள் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு விளக்கேற்றினர். அவ்வொளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பனம்பழத்தின் களியால் துணி வெளுத்தனர். பசளை இல்லாதபோது குழையும் எருவும் மீண்டும் தோட்டத்துக்கு வந்தன. மறுபுறம், பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. ஷெல் வீச்சில் தலையிழந்து நின்றவையும் பல.

அவ்வாண்டுகளின் எளிமையைச் சுற்றாடல் நேயமென்று புகழ்தல் தகாது. மருந்தின்றி வருந்தியவரும் ஒளியின்றி வாடியவரும் அதனை விரும்பி ஏற்கவில்லை. ஆயினும் அக்காலம் ஓர் உண்மையைக் காட்டிச் சென்றது. பழைய அறிவு முற்றும் அழிந்துவிடவில்லை. பாட்டிமாரிடத்தும் தோட்டக்காரரிடத்தும் அது உயிரோடு இருந்தது. தேவை வந்தபோது சில கிழமைகளில் அது திரும்பிவந்தது. நெருக்கடியில் இயன்றதை அமைதிக் காலத்தில், துன்பமின்றி, நம் விருப்பத்தோடு செய்ய இயலாதா என்பதே நம்முன் உள்ள வினா.

அமைதிக் காலத்திலும் எச்சரிக்கை வந்துள்ளது. சுன்னாகத்தில் அனல் மின் உற்பத்தி நடைபெற்ற இடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி மக்கள் முறையிட்டனர்; 2015ஆம் ஆண்டளவில் அது நாடறிந்த போராட்டமாயிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீருக்கு மதில் இல்லை என்பதை அவ்வூரார் பெருவிலை கொடுத்து அறிந்தனர்.

பெருந்திட்டங்கள் நம்மைக் காக்கும் என்பார் உளர். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லுதல் அதன் சாரம். அது முற்றாக நிறைவேறவில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகள் வேண்டுவனவே. ஆயினும், கடலை நன்னீராக்க மின்சாரமும் பணமும் மிகுதியாக வேண்டும். வானம் இலவசமாகத் தந்த நீரைக் கெடுத்துவிட்டுக் கடல்நீரை விலைக்கு வாங்குதல் நல்ல கணக்காகாது.

ஆகவே, ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடிய எளிய செயல்கள் சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகின்றேன்.

முதலாவது, கூரையில் விழும் மழையை வளவுக்குள்ளேயே நிறுத்துதல். சுத்தமான கூரையாயின், முதல் மழையைக் கழியவிட்டு அடுத்த மழையைத் தொட்டியிற் சேர்க்கலாம். எஞ்சியதை மணலும் கல்லும் நிரப்பிய குழியில் விட்டு நிலத்துள் இறக்கலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நமக்கோ சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முற்றத்திற் சீமெந்திடாத ஒரு பகுதியை விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, குளித்த நீரையும் கழுவிய நீரையும் மீண்டும் வாழையடிக்குத் திருப்புதல். அதற்கு ஒரு சிறு வாய்க்காலே போதும். மூன்றாவது, மலசலக் குழியைக் கிணற்றிலிருந்து, அயலவர் கிணற்றிலிருந்தும், இயன்ற அளவு தொலைவில் அமைத்தல். அடியும் சுவரும் பூசிய தொட்டியாக அமைத்தல். வீடு கட்டும்போது வாயிலின் அழகுக்குச் செலவிடுவதிற் சிறு பகுதியை இதற்குச் செலவிட்டால் பேரப்பிள்ளைகள் வாழ்த்துவர்.

நான்காவது, குசினிக் கழிவையும் சருகையும் எரிக்காது கூட்டெருவாக்குதல். வீட்டுத் தோட்டத்துக்கு யூரியாப் பை தேவையன்று. ஐந்தாவது, கடைக்குச் செல்லும்போது ஓலைப் பையையோ துணிப் பையையோ கொண்டுசெல்லுதல். பொலித்தீனை வளவின் மூலையில் எரிப்போர் நஞ்சுப் புகையைத் தம் குழந்தைகளுக்கே ஊட்டுகின்றனர். ஓலைப் பின்னல் வேலையை நம்பி வாழும் பெண்கள் இன்றும் நம் ஊர்களில் உளர். அவர்களிடம் ஒரு பெட்டி வாங்குதல் மண்ணுக்கும் மனிதருக்கும் செய்யும் ஒரே உதவியாகும். ஆறாவது, கிணற்று நீரை ஆண்டுக்கொருமுறையேனும் பரிசோதிப்பித்து, கைக்குழந்தையுள்ள வீட்டார் அதன் முடிவை அறிந்து நடத்தல்.

இவற்றுள் எதுவும் அரியதன்று. ஒரு வீட்டார் மட்டும் செய்து அயல் வீட்டார் செய்யாது விடின் பயன் பாதியாகும். கீழே இருப்பது ஒரே நீர். ஆதலால், சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் ஆலய சபைகளும் தத்தம் ஊர்க் குளத்தை மாரிக்கு முன் தூர்வாருதலையும், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தலையும் தம் கடனாகக் கொள்ள வேண்டும். மாணவர் கையில் ஒரு கயிறும் ஒரு கல்லும் ஒரு குறிப்பேடும் கொடுத்தால், மாதந்தோறும் அவர்களே மட்டத்தை அளந்து எழுதுவர். எண்களைத் தம் கையால் எழுதிய பிள்ளை, குழாயைத் திறந்துவிட்டுப் போகாது.

நம் முன்னோர் கிணற்றைக் காத்தமைக்கு அவர்தம் களைப்பும் ஒரு காரணம் என்று முன்னர்க் கூறினேன். நமக்கு அக்களைப்பு இல்லை. விசையை அழுத்தினால் நீர் வருகின்றது. ஆதலின், அவர்களுக்கு உடல் விதித்த எல்லையை நமக்கு நாமே அறிவால் விதித்துக்கொள்ளல் வேண்டும். அவர்கள் சிலருக்கு மறுத்த நீரை எல்லோருக்கும் உரியதாகக் காத்தலும் வேண்டும். வரும் மாரிக்கு முன் இவற்றுள் ஒன்றையேனும் ஒவ்வொரு வீட்டாரும் தொடங்குவாராக.